மூக்கு வண்டி

பேருதான் மூக்கு வண்டி.
வள்ளியூர் பாலம் ஏறும்போதே
கறுப்பாய்க் கக்கிக்கொண்டு
இரண்டாவது கியரில் முக்கும்.
முதுகில் ஆறாயிரம் லிட்டர் தண்ணீர்,
எழுபத்திரண்டில் பிறந்த எஞ்சின்.
ஆர்சி புக்கில் என் பெயர், தங்கபுஷ்பம்.
கணவர் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

பம்ப்பைப் பார்த்தாயிற்று, நாசிலை மாற்றியாயிற்று.
மதார் பாய் பானெட்டைத் தூக்கி
உள்ளே கையை விட்டார்,
விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார்.
'தீனி சரியாத்தான் போவுது தங்கச்சி.
மூச்சுதான் பத்தல.
ரேடியேட்டர் கழிச்ச சூட்டையே
திரும்பத் திரும்ப இழுத்துக் குடிக்கி.
போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு
ஓடச் சொன்னா நீங்க ஓடுவீயளா?'

ஆடி மாதம்.
பணகுடியில் காற்று
காயப்போட்ட சேலையை
மூன்றாவது தெருவில் கொண்டு போடுகிறது.
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள்
யாருக்கோ கரண்டு அரைக்கின்றன.
இத்தனைக்கும் நடுவில் ஒரு வண்டி
மூச்சு முட்டி நிற்கிறது.
சிரிப்பு வந்தது எனக்கு,
அவர் சாக்பீஸை எடுத்துத்
தகரத்தில் வட்டம் போடும் வரைக்கும்.

நாலங்குல வட்டம்.
ஓட்டை போட்டால் போட்டதுதான்.
'போடுங்க' என்றேன்.
பல் பட்ட இடத்தில் பெயிண்ட் உதிர்ந்தது.
பச்சை, அதற்கடியில் மஞ்சள்,
அதற்கும் அடியில் எனக்கு முன்னால்
எவனோ ஆசைப்பட்டு அடித்த நீலம்.

காயலான் கடை பஸ் குழாய்
கேபினை ஒட்டி நிமிர்ந்து நின்றது.
வளைவில் ரப்பர் ஹோஸ், இரண்டு பக்கமும் கிளிப்பு.
உச்சியில், பழைய டிராக்டரில் கழற்றிய
கண்ணாடிக் கிண்ணம்.
காற்றைச் சுழற்றித்
தூசியை அதில் தள்ளிவிட்டு
மிச்சத்தைத்தான் கீழே விடுமாம்.

'மாட்டுறதுக்கு முன்ன, மேல ஏறி
குழாய் வாயப் பொத்துங்க.
வண்டி செத்துச்சின்னா வேலை சரி.'

பொத்தினேன். சாகவில்லை.
நிம்மதியாய் ஓடிக்கொண்டே இருந்தது.
'எங்கனயோ களவா இழுக்கு' என்று
ஹோஸில் காதை வைத்து நகர்ந்தார்,
கீழ்க் கிளிப்பில் நின்றார்,
திருப்புளியால் அரைச் சுற்று.

மறுபடி பொத்தினேன்.
உள்ளங்கையைப் பிடித்து உறிஞ்சியது
பால்குடிக் கன்று மாதிரி.
எஞ்சின் உலுக்கியது, இரண்டு விக்கல்,
நின்றது.
அடுத்த கடையில் டீ ஆற்றுவது கேட்டது.
என் கையில் சிவப்பாய் ஒரு வளையம்.

இப்போது பாலத்தை மூன்றாவது கியரில் ஏறுகிறது.
புகையும் ஊதுபத்தி அளவுக்குத்தான்.
ஆனால் எனக்குப் பழக்கமாய்ப் போனது கிண்ணம்தான்.
விடிந்ததும் ஏணி போட்டுப் பார்ப்பேன்.
குவாரிப் பக்கம் போனால் சாம்பல் நிறம்.
ராதாபுரம் ரோட்டுக்கு வெளிறிய மஞ்சள்.

பதினேழாம் நாள்
அரை விரல் உயரம் சிவப்பு.
குங்குமம் தோற்கிற சிவப்பு.

ராத்திரி ஓட்டியது பட்டமுத்து.
'வடக்கன்குளம் ஆஸ்பத்திரிதாம்க்கா. ரெண்டு நடை.'
வடக்கன்குளத்தில் ஏது தேரி?
குட்டத்தில் எவனோ பங்களா கட்டுகிறான்.
நல்ல தண்ணிக்குக் கைக்குக் கை பணம்.
ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.
ஒரு நர்ஸ் எடுத்த எடுப்பில் கேட்டாள்,
'இன்னைக்காவது வந்துருமா?'

சனிக்கிழமை பேட்டாக் கவரில்
கிண்ணத்தைக் கவிழ்த்து, பின் அடித்து,
அவன் கையில் கொடுத்தேன்.
'எண்ணிக்கடே.'
கனத்தைப் பார்த்து அவன் முகம் மலர்ந்ததை
நான் பார்த்திருக்க வேண்டாம்.
பிரித்தான்.
மிச்ச வேலையை ஆடிக் காற்று பார்த்துக்கொண்டது.
வெள்ளைச் சட்டை, மீசை, இமை,
எல்லாம் குட்டம்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தான்.
நான் ஏணி எடுக்கப் போகும்போது
கிண்ணத்தை அவனே கழற்றிக்
கழுவித் துடைத்து மாட்டியிருந்தான்,
வெயில் ஊடுருவுகிற மாதிரி.

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.