கல்லில் நார் உரித்தவர்

தானே புயலில் உடைந்த ஷீட்டின் மூலையொன்றை
உரச்சாக்கில் சுற்றி
மடியில் வைத்தே கொண்டுவந்தார் கலியமூர்த்தி,
கடலூர் ஓ.டி.யிலிருந்து காலாப்பட்டுக்கு
இரண்டு பஸ் மாறி.
நனைத்துத்தானே எடுத்துவந்தீர்கள், என்றேன்.
நனைச்சா கனக்கும்மா, என்றார்.
முப்பத்தொரு வருஷம் கூரை போட்டவர்.
துளை போட்டதும் குனிந்து
வாயால் ஊதித் தூசு தட்டியவர்.

உடைந்த விளிம்பில் வெள்ளையாய்ப் பிசிறு.
பூக்கட்டும் நார்போல அத்தனை சாது.
கல்லில் நார் உரிக்க முடியாதென்று
எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ,
உரித்து,
சிமென்டில் பிசைந்து,
அலையலையாய் அழுத்தி
தேவனாம்பட்டினம் வரைக்கும் கவிழ்த்தாயிற்று.
கடல் தெரியாத வீட்டுக்கும்
தலைக்கு மேல் ஓர் அலை.

எறும்பு அமிலத்தில் சிமென்ட் நுரைத்துப் போனது.
மிஞ்சியதை ஜாடியில் போட்டு
எஃகுக் குண்டுகள் இருபது எண்ணிப் போட்டு
மூடியை இறுக்கி
சுவிட்சைத் தட்டினேன்.
மாவு மில் சத்தமில்லை அது.
ஆணி கழன்ற டவுன் பஸ் ஜன்னல்
கல் ரோட்டில் போகிற சத்தம்.
ஷம்ஷாத் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு
எக்ஸ்ரே கருவியின் முன் உட்கார்ந்தாள்.

முதல் மணி.
நுண்ணோக்கியில் பார்த்தால்
நார் அறுபடவில்லை, பிரிந்திருக்கிறது.
ஒன்று நூறாக,
நூறில் ஒவ்வொன்றும் இன்னும் மெலிதாக,
ஒவ்வொன்றும் சுருட்டிவைத்த பாய்போல
நடுவில் வெறுங்குழலாக.
அரைத்தால் சாகும் என்று நாங்கள் நினைத்தது
அரைக்க அரைக்கப் பெருகிக்கொண்டிருந்தது.

"அப்ப, பாதியில நிறுத்தினா மோசமா?"
மோசம்தான்.
கொஞ்ச நேரம் அவர் எதுவும் கேட்கவில்லை.
"பாதி வெட்டுவோம்.
மீதிய முழங்கால்ல வச்சு முறிப்போம்.
எல்லாமே பாதியிலதாம்மா நிறுத்துனோம்."

பத்தாம் மணி.
நீளம் போய்விட்டது.
துண்டுகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
கட்டி கட்டியாய்க் கிடக்கின்றன.
தண்ணீரில் இட்டால்
மக்னீசியம் கழன்று ஓடுகிறது,
வீட்டைக் காலி செய்கிறவனின் அவசரத்தோடு.

இருபதாம் மணி பற்றி
என் நோட்டில் ஒன்றுமில்லை.
மின்வெட்டு.

நாற்பதாம் மணி,
விடியற்காலை.
ஷம்ஷாத் தாளை நீட்டினாள்.
முந்தாநாள் ஊசி ஊசியாய் நின்ற சிகரங்கள்
ஒன்றுகூட இல்லை.
சிங்காரத்தோப்பில் நின்று பார்க்கும் அடிவானம்போல
நெடுக ஒரு கோடு,
நடுவில் யாரோ மூச்சு இழுத்ததுபோல்
ஒரு சின்ன மேடு.
பாய் பிரிந்துவிட்டது. அடுக்கு குலைந்துவிட்டது.
ஜாடியில் இருப்பது
கல்லும் இல்லை, நாரும் இல்லை.

மத்தியானம் அவர் திரும்ப வந்தார்.
எக்ஸ்ரே என்று சொன்னதும்
பையிலிருந்து பழுப்புக் கவரை உருவினார்.
"எனக்கும் எடுத்தாங்க, ஜிப்மர்ல."
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.
தாளில் சிகரம் இல்லை.
படத்தில்
இரண்டு நுரையீரலின் அடியிலும்
வெள்ளைச் சிலும்பல்.
"இதுல போயிடுச்சு", என்றார்.
அடுத்ததைக் கேட்கவில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நிமிஷத்துக்குப் பதினெட்டு முறை,
முப்பத்தொரு வருஷம்.
எத்தனை சுற்று சுற்றினாலும்
மூச்சு அரைக்காது.
அங்கே எஃகுக் குண்டு இல்லை.
உள்ளே போனது
முதல் மணியிலேயே நின்றுவிட்ட நார்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
ஷம்ஷாத் சொல்வாள் என்று பார்த்தேன்,
அவள் ஏற்கெனவே கழற்றிவிட்ட பஞ்சை
மறுபடி காதில் திணித்துக்கொண்டிருந்தாள்.

மூடி ஒட்டிய சின்னக் குப்பியில்
ஒரு சிட்டிகைச் சாம்பல் தூள்.
பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினார்.
ஆட்டவில்லை. திறக்கவில்லை.
வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினார்.
பிறகு பழக்கதோஷத்தில்,
முப்பத்தொரு வருஷப் பழக்கம்,
குனிந்து
மூடியின் மேல் ஃபூ என்று ஊதினார்.

அங்கே தூசே இல்லை.