சாயம் போகாத மை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
மருந்துக்கடையைத் தாண்டினால் என் கடை.
பேனர், போஸ்டர், மரண அறிவித்தல்.
தேர்தல் வந்தால் இறைச்சிக் கறி.

லோஜிதாவின் புது ஆல்பம் வரப்போகிறதென்று
கொழும்பிலிருந்து வந்த மச்சான் சொன்னான்.
அன்றைக்கே மூன்று ரோல் எடுத்துப் போட்டேன்,
கடனுக்குத்தான்.
போனமுறை அவளுக்கு நாற்பதடி.
அதற்கு முந்தினமுறை
மல்லியப்பு சந்தியை மறித்து வளைவு, பல்பு மாலை,
பொலிஸ் வந்து கழற்றச் சொன்னது.
இந்தமுறை அறுபதடியாவது இருக்காதா?

செவ்வாய்க்கிழமை, விடிய நாலே முக்கால்.
ஒருத்தருக்கும் சொல்லவில்லை.
பேட்டி இல்லை, ரேடியோ இல்லை,
இன்னும் பத்து நாள், ஒன்பது நாள் என்ற எண்ணிக்கை இல்லை.
பதினொரு பாட்டை இருட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்,
பால்காரன் வாசலில் போத்தலை வைத்துவிட்டுப் போவதுபோல.

ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில்
யாரோ ஒருத்தியின் போனில் ஒலித்ததாம்.
ஏழு மணிக்குப் பொகவந்தலாவ பஸ்ஸில்.
எட்டு மணிக்கு நான் ஷட்டரைத் தூக்குகிறேன்,
எதிரே ரீலோட் கடைக்காரன்
என்னைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டுகிறான்.

போன் போட்டேன்.
எடுத்தாள். அது அவள் குணம்.
"என்னம்மா, ஒரு போஸ்டர்கூட இல்லியா?"
"எதுக்குண்ணே, பழசெல்லாம் இன்னும் அங்கதானே இருக்கு."
சிரித்தாள்.

இருக்கிறதுதான்.
நோர்வூட் பக்கம் லயத்துக் கூரைகளைப் பாருங்கள்:
ஓட்டைத் தகரத்தின் மேல் அவள் நெற்றி.
ஆட்டுக்கொட்டிலுக்கு இடது கன்னம்.
மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்கில்
மைக்கைப் பிடித்த நாலு விரல்
மலை ஏறிக்கொண்டிருக்கிறது.
அடித்தவன் நான்.
ஆறு வருடம் சாயம் போகாத மை.
என் வியாபாரத்தை நானே
நல்ல மை ஊற்றிக் கெடுத்திருக்கிறேன்.

மத்தியானம் ஒரு பையன் வந்தான்.
சாமிமலை, பெயர் தினோஜன்.
ஊறிய சப்பாத்து. ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன்,
அதில் அவளுடைய நாலாவது பாட்டு.
அவனும் ஆல்பம் போடுகிறானாம், ஐந்து பாட்டு.
இருபது போஸ்டர் வேண்டும்,
காசு சம்பளத்துக்குப் பிறகு.

எரிச்சல் எனக்கு.
"போஸ்டருக்கெல்லாம் இப்ப காலமில்ல தம்பி.
பெரிய ஆளுங்களே பேசாம இருக்காங்க.
நீயும் சத்தம் போடாம பாட்ட விடு,
தேடி வருவாங்க."

இயர்ஃபோனைக் கழற்றினான்.
"அக்கா பேசாம இருந்தா
என்ன வரப்போவுதோன்னு ஊரே காதைத் தீட்டும்.
நான் பேசாம இருந்தா,
பேசாம இருக்கேன்னே யாருக்கும் தெரியாதுண்ணே."

மெஷினைப் போட்டேன்.
சிவப்பு மை அடைத்துக்கொண்டது.
முகம் பச்சையாக இறங்கியது,
மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி.
துடைத்து மறுபடி ஓட்டினேன்.
இன்னும் பச்சை.
"பரவாயில்லண்ணே,
பயந்தாவது நின்னு பார்ப்பாங்க."

இருபது கேட்டவனுக்கு இருபத்தாறு அடித்தேன்,
ரோல் சும்மாதானே கிடக்கிறது.
சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடினான்.

ஒன்று மேசையில் தங்கிவிட்டது.
பிளேன்டீ குடித்துக்கொண்டே பார்க்கிறேன்:
பெயர் இருக்கிறது,
பச்சை முகம் இருக்கிறது,
தேதி இல்லை.
"விரைவில்" என்றுகூட இல்லை.
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குடையை எடுக்காமல் ஓடினேன்.
டிக்கோயாப் பக்கம் திரும்பிய பஸ்
பனிக்குள் ஒற்றைப் பின்விளக்கைக் காட்டிவிட்டு மறைந்தது.
ரீலோட் கடையில் அவளுடைய ஏழாவது பாட்டு.
நனைந்தபடி நின்று
முழுசாகக் கேட்டேன்.
நல்லாத்தான் இருக்கிறது,
சனியன்.