புத்தூரில் ஓர் இரும்பின் வயது

திருத்தணி தாண்டியதும் பஸ்ஸில்
பாதிப் பேருக்கு ஒரு கை குறைவு.
மூங்கில் தப்பை, துணிச் சுற்று, முட்டை வெள்ளைக்கரு வாடை.
எல்லா எலும்பும் சரியாக இருந்த எனக்குக்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முனிசேகருக்கும் இடது கை கட்டில்.
"விழுந்துட்டேன் மேடம்."
எங்கிருந்து என்று சொல்லவில்லை.
கோழிப்பண்ணைக்குப் பின்னால் தார்ப்பாயை
ஒற்றைக் கையால் இழுத்தான்.
காண்டசா. ஒரு காலத்தில் கருநீலம்.

"சோழவரம் ரேஸுக்குப் போன வண்டி. எண்பத்தாறு.
அடியில இருக்கிறதெல்லாம் ஒரிஜினலு."

சென்னையில் ஒருவருக்கு அந்த டிராக்ஷன் பார் மட்டும் வேண்டும்.
வயதை எழுதிக் கையெழுத்துப் போட்டால்
எனக்கு நாலாயிரம்.

சாக்கு விரித்து மல்லாந்து நுழைந்தேன்.
அடியிலிருந்து பார்த்தால் எந்த வண்டியும்
பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும். மெதுவாகச் சொல்லும்.

ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக,
சதுரக் குழாய். முன்முனையில் ரப்பர் குமிழ்.
ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்கிற நொடியில்
பட்டை முறுக்கிக்கொண்டு பாம்பாக நெளியாமல்
முட்டுக் கொடுப்பது அதன் வேலை.
இந்த ஊர் பாஷையில், தப்பை.

மண்ணைச் சுரண்டினேன். கருப்பு பெயிண்ட்.
கருப்புக்குள் ரெட் ஆக்ஸைடு.
அதற்கும் உள்ளே மஞ்சள்.
வாய் உலர்ந்துவிட்டது.
கடலுக்கு அப்பால் எவனோ பூசிய மஞ்சள்.
நம் ஊரில் யார் அதை
வண்டியின் வயிற்றில் வீணாக்குவார்கள்?

போல்ட் தலைகளை ஈரத்துணியால் துடைத்தேன்.
முன்னால் மூன்று கோடு, அங்குல மரை.
பின்னால் எட்டுப் புள்ளி எட்டு, மில்லிமீட்டர்.
இரண்டு வண்டி, இரண்டு கை.
வெல்டிங்கும் அப்படியே:
ஒரு தையல் காசு சரித்து அடுக்கியதுபோல்,
இன்னொன்று குருவி எச்சம்.
ரப்பரில் அச்சு எண்கள்; ஓர் ஆறு தெளிவாக,
பக்கத்தில் தேய்ந்த எட்டு, அல்லது ஒன்பது.

"இந்த வண்டி பிறக்கிறதுக்கு முன்னாடியே பிறந்த பார் இது" என்றேன்.
"அப்போ விலை கூடுமா மேடம்?"
"கூடும்."
டார்ச் வெளிச்சம் சந்தோஷத்தில் ஆடியது.

குருவி எச்சம் எப்போது விழுந்தது?
பட்டைகளை எண்ணினேன்.
பக்கத்துக்கு நான்கு அதிகம்.
ரேஸுக்குப் போகிறவன் நான்கு பட்டை கூட்டமாட்டான்.
குழாயின் பின்வாயில் விரலை விட்டேன்.
செம்பொடி.
துரு என்றால் ஸ்பிரிட்டில் கரையாது.
பையில் ஸ்பிரிட் இருந்தது, பஞ்சும் இருந்தது.

பஞ்சு வெற்றிலை போட்ட நாக்காகிவிட்டது.

டார்ச் ஆடுவது நின்றது.
கோழிகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.
மலை அந்தப் பக்கம்தான்.
எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.

"முந்தின ஓனர்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பாவா."
இன்னும் கொஞ்ச நேரம் கழித்து,
"ஏழு வருஷமா கடப்பாவுல இருக்காரு. ஜெயில்ல."

இப்படித்தான் இரண்டாவது தேதியும் கிடைத்தது.

தாளில் எழுதினேன்:
உற்பத்தி, அறுபத்தெட்டு அல்லது அறுபத்தொன்பது.
அயல்நாடு. ரப்பர் அசல்.
மறுபடி பொருத்திய காலம்
என்ற இடத்துக்கு வந்ததும்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
அவன் கட்டுக்குள்ளிருந்த விரல்களை
ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
நான் எழுதிக் கொடுத்த தாள்களில்
அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில், தோளிலிருந்து விரல்வரை
கட்டுப் போட்ட அம்மாள் ஒருத்தி
என் சிவந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
நகரியில் கேட்டுவிட்டாள்:
"உனக்கு எங்கம்மா அடி?"
"அடியிலதான்" என்றேன்.
புரிந்தமாதிரி தலையாட்டினாள்.
"மூணு கட்டு ஆவுற வரைக்கும்
பாரம் மட்டும் தூக்காத."