முடிவுக்கோட்டில் ஓதம்

துவாஸில் கடலைத் தூர்த்துச் செய்த நிலம்.
இன்னும் யாரும் எதுவும் கட்டாதது.
அதில் இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோடு ஒன்றை
ஆண்டுக்கு நான்கு நாள்
எங்களுக்கு இரவல் தருவார்கள்.
வளைவு கிடையாது, பக்கத்தில் போட்டி வண்டி கிடையாது.
ஓட்டுகிறவருக்கும் காற்றுக்கும் மட்டும் வழக்கு.
ஆயிரத்தில் ஒரு நொடிவரை
தீர்ப்பு எழுதுகிறவன் நான்.

சனிக்கிழமை முதல் ஓட்டம்.
வியாழன் பகல் தகவல் வந்தது:
வடகிழக்கு மழை, அதோடு
வெள்ளி காலை பதினொன்று நாற்பதுக்கு
அமாவாசை ஓதம்.
கடலே நிமிர்ந்து நிற்கும்போது
கால்வாய் தன் தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?
நம் தலையில்தான் என்றான் ரோஸ்லான்,
வடிகால் மூடிமேல் நின்று
ரொட்டி தின்றபடி.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றவர்கள்
எத்தனை மணிக்குள் என்று சொல்லவில்லை.
மூட்டை நானூறு கேட்டோம்.
வந்தது இருநூற்றுப் பத்து.
லாரியில் வந்த எண்மரில் ஒருவர்,
திருமேனி, மன்னார்குடிப் பக்கம்,
ஒவ்வொரு மூட்டையின் வாயையும் உள்ளே மடக்கி
தண்ணீருக்கு முதுகு காட்டி அடுக்கினார்.
"வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தா குடிச்சிடும்ண்ணே."

எரிபொருள் பீப்பாய்கள் முதலில் மேட்டுக்கு.
ஒரு துளி கால்வாயில் கலந்தாலும்
அடுத்த ஆண்டு இந்த நிலம் இல்லை.
ஜெனரேட்டர் நான்கு சிமெண்ட் கட்டைமேல்.
கேபிள் முனைகளுக்கெல்லாம் பலூன் மாட்டி
ரப்பர் வளையம் போட்டோம்,
ரோஸ்லான் மகளின் பிறந்தநாளில் மிஞ்சியவை.
இரவு மின்னலில் பார்த்தால்
யாரோ அழைக்க மறந்த விருந்து.

குவெக் சியூ லெங்கின் வண்டி
போன ஆண்டு முந்நூற்றுப் பதினெட்டு தொட்டது.
அதை ஆறு பேர் தள்ளிக் கொள்கலனுக்குள் ஏற்றினோம்,
அங்குலம் அங்குலமாக,
அடிவயிறு பலகையில் உரசாமல்.
பிறகு அவளும் நானும்
பழைய மீட்டர் கோல் ஒன்றைப் பாதையோரம் நட்டோம்.
பதினைந்தில் ஒரு சிவப்பு நாடா, முப்பதில் ஒன்று.
முதலாவது நனைந்தால் பம்ப்பை எடுக்க வேண்டும்.
இரண்டாவது நனைந்தால் காலை எடுக்க வேண்டும்.

வெள்ளி. பதினொன்று இருபது.
தண்ணீர் பாய்ந்து வரவில்லை.
எப்போதும் அங்கேயே இருந்ததுபோல்
வடிகால் கம்பிகளுக்கிடையே எழுந்தது,
மழையைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது,
வெள்ளைக் கோட்டைத் தொட்டது.
அந்தக் கோட்டை அவ்வளவு மெதுவாக
எதுவும் தொட்டு நான் பார்த்ததில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் நாடா.
பம்ப் இருமியது, இருமியது, பிடித்துக்கொண்டது.
அப்போது என் மடியிலிருந்த பெட்டி கூவியது.
முடிவுக்கோட்டுக் கதிர்களை
அணைக்க மறந்திருக்கிறேன்.

ஓர் உடும்பு.
தலை மட்டும் மேலே,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிதானத்தில்
பாதையின் நடுவே நீந்தி
இரண்டு கதிர்களையும் முறைப்படி வெட்டிக் கடந்தது.
மணிக்கு இரண்டு புள்ளி ஏழு நான்கு ஒன்று.

சியூ லெங் எட்டிப் பார்த்து, எழுது என்றாள்,
நேர்க்கோட்டில்தானே வந்தது.
எழுதினேன்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.
காற்று: எதிர்த்திசை.
பாதை: ஈரம்.

இரண்டாவது நாடாவுக்கு நான்கு விரல் கீழே
தண்ணீர் இன்னும் முடிவெடுக்கவில்லை.
ஒரு மஞ்சள் பலூன் கழன்று
எங்களைக் கடந்து போனது, கதிருக்கு வெளியே.
திருமேனி கடைசி மூட்டையைத் தோளில் வைத்தபடி
எங்கே என்று
தாடையால் கேட்டார்.