ஒப்புக்கு ஆயிரம்

கேட்டது அறுபத்து நான்கு கோடி.
விதான சௌதாவிலிருந்து வந்த தடித்த புத்தகத்தில்
வணிக வரித்துறை, கணினி நவீனமயம் என்ற வரிக்கு நேரே
0.01 என்று போட்டிருந்தது.
தொகை லட்சங்களில்.
விரல்விட்டு எண்ணினேன்.
ஆயிரம் ரூபாய்.

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.
கணக்குப் பிரிவு ஷரணப்பா ஹூகார்
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு
பிழையில்லம்மா என்றார்,
தலைப்பு செத்துப்போகாமல் இருக்க வைக்கிற காசு.
கன்னடத்தில்தான் சொன்னார்.
எனக்கோ எங்கள் தெருவில்
ஆட்டத்தில் ஒப்புக்குச் சேர்த்துக்கொண்ட பிள்ளை
ஞாபகம் வந்தது.
ஓடலாம், அவுட் ஆகலாம்,
எதற்கும் கணக்கில்லை.

சரி, அந்த ஆயிரத்தையாவது எடுக்கலாமா?
ஐயய்யோ என்றார்.
எடுத்தால் தலைப்பு காலி.

காந்தி நகர், மூன்றாம் மாடி, லிஃப்டுக்குப் பின்னால்
துடைப்பமும் பழைய நாற்காலிகளும் போக மிஞ்சிய அறையில்
அது இருக்கிறது.
புது வரி வந்த வருடம்
புதுக் கணக்கெல்லாம் குளிரூட்டிய வேறு கட்டடத்துக்குக் குடிபோனது.
பழைய பாக்கி மட்டும் இதன் தலையில்.
முந்நூற்றுச் சொச்சம் கோடி,
யார் யார் தரவேண்டும் என்று
பைசா சுத்தமாகத் தெரியும் இதற்கு.
பெயருக்குத்தான் இடம் குறைவு.
'சின்னதிம்மையா அண்ட் சன்ஸ் இரும்பு வியாபா'
பத்தொன்பது வருடமாக
ஒரு 'ரி' வெளியே நிற்கிறது.

நான் ஏஜென்சி ஆள்.
என் சம்பளம் அதே புத்தகத்தில்
'இதர செலவுகள்'
என்பதற்குள் எங்கோ இருக்கிறது,
ஜெராக்ஸ் தாளுக்கும் குடிதண்ணீர் கேனுக்கும் பக்கத்தில்.

மார்ச் பதினெட்டு, பதினொன்றரை மணி.
பாக்கிப் பட்டியல் நாளை மறுநாளுக்குள் வேண்டும்
என்ற கடிதம் மேசைமேல்.
உள்ளே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த கரகரப்பு
நின்றது.
நின்ற பிறகுதான் அது சத்தம் என்றே தெரிந்தது.
விசிறி.
மூடியைக் கழற்றினேன்.
காவலாளி ஏசுபாதம் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து
பெட்டிக்கு வீசத் தொடங்கினார்.
நீங்க போய் வாங்கிட்டு வாங்க மேடம்,
அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்.

எஸ்.பி. ரோடு.
ஆள் ஒருக்களித்து நுழையும் கடை.
அதே அளவு விசிறி இருந்தது, அதிசயம்.
'பில் வேணுமா மேடம்?
பில் இல்லாம எழுநூத்தி இருபது.
பில்லோட எண்ணூத்தி அம்பது.'

என் கழுத்து அட்டை
புகைப்படம் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.
ஏஜென்சி இந்த மாதமும் சம்பளம் போடவில்லை.
நூற்று முப்பது ரூபாய் என்பது
கே.ஆர். மார்க்கெட்டில் இரண்டு நாள் காய்கறி.
பக்கத்துக் கடையில் யாரோ பெட்டி பிரிக்கும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டு நின்றேன், ரொம்ப நேரம்.

பில் போடுங்க.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்,
செல்லாத நோட்டைப் பார்ப்பதுபோல.
யார் பேருக்கு?
துறையின் பெயருக்குப் போட
ஆணை இல்லை, கோப்பு இல்லை.
தமயந்தி என்றேன்.
தமந்தி என்று அச்சாகி வந்தது.

திரும்பியபோது ஏசுபாதம்
பதிவேட்டைக் கை மாற்றி வீசிக்கொண்டிருந்தார்.
மாட்டினேன். கரகரத்தது.
பில்லில் இருந்த கடையின் பெயரை
பாக்கிப் பட்டியலில் தட்டிப் பார்க்க விரல் போனது.
பார்க்கவில்லை.
சில கடைகளுக்கு மறுபடியும் போகவேண்டி வரும்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை
செலவாகாத ஆயிரம் ரூபாய்
முறைப்படி கருவூலத்துக்குத் திரும்பியது.
ஷரணப்பா கையெழுத்துப் போட்டு, அதன்கீழ்
இரண்டு கோடு இழுத்தார்.

ஆக அந்த நிதியாண்டில்
இந்தப் பெட்டிக்கு அரசு செலவழித்தது
ஒன்றுமில்லை.
இந்தப் பெட்டியால் மாநிலத்துக்கு வரவு,
என் பில்லின் ஒன்பது சதவீதம்:
அறுபத்து நான்கு ரூபாய்
எண்பத்து மூன்று காசு.