பாக்கி இருபது வெள்ளி

பஹாவ் சாயக்கடையில் நிறம் கலப்பவள் நான்.
சிங்காரவேலு மோட்டாரில் டப்பா திரும்பி வந்தது.
"தேங்காப் பத்தை வெள்ளைதானே கேட்டேன்?
பச்சையைக் குடுத்திருக்கே."

திறந்தேன்.
டியூப் லைட்டின் கீழே வெள்ளை.
வாசல் வெயிலில் இன்னும் வெள்ளை.
"என் சுவரை வந்து பாரு."

ஐந்தரைக்குப் போனேன்.
சாலைக்கு அப்பால் செம்பனை, கண் எட்டும் வரை.
மட்டைகளுக்குள் நுழைந்து வந்த வெயில்
வெறுங்கையோடு வரவில்லை.
சுவரின் மேல்பாதி
பயறு ஊறிய தண்ணீர்.
கீழ்ப்பாதியில்
செம்மண் முற்றம் ஏறியிருந்தது, முழங்கால் உயரத்துக்கு.
பளபளப்புச் சாயம்தான் வேண்டுமென்று
அடம்பிடித்தவரும் இவரே;
அதில் ஓர் ஓலை ஆடுவதுகூடத் தெரிந்தது.

கடை அட்டையைச் சுவரில் வைத்துப் பிடித்தேன்.
அட்டையும் பச்சையானது.
பொய் சொல்லும் பிள்ளையைப் பார்ப்பதுபோல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுதான் என் வெள்ளை?"

என்னிடம் இருந்தது ஓர் எண் மட்டும்.
நானூற்றுப் பதினேழு.

ஏழு மணி. தெருவிளக்கு எரிந்தது.
சுவர் முட்டைக்கரு.
அவருடைய நீல மோட்டார் கறுத்தது.
என் சிவப்புச் சட்டை ஈரமண்.

"விடிஞ்சா வேற மாதிரி இருக்குமோ?"
"இருக்கும்."
"மழையில?"
"அதுவும்."
"ஒரு டப்பா காசுக்கு இத்தனையா!"

சிரித்தபடி
பாக்கியை எடுத்து நீட்டினார்.
அந்த மஞ்சளில்
பத்து வெள்ளியும் இருபது வெள்ளியும் ஒரே தாள்.
கண்ணருகே கொண்டுபோய்
எண்ணைப் படித்த பிறகுதான்
பையில் போட்டேன்.