பிடிமானம்

டுலூத்தில் ஜனவரி.
துறைமுகம் உறைந்து, கப்பல்கள்
வேலையில்லாமல் படுத்திருக்கும் மாதம்.
செங்குத்துத் தெருவில் வேன் பாதியில் மறுத்துவிட
கருவிப்பெட்டியோடு நடந்தே ஏறினேன்.

கதவைத் திறந்தவர் ஓரின் ஹால்வர்சன்.
முப்பத்தொரு வருடம் தாதுக் கப்பல்களுக்கு
வடம் இழுத்துக் கட்டியவர்.
"எனக்கில்லை" என்றார், உள்ளே வா என்பதற்கு முன்பே.
"டெல்ஃபினுக்கு. அவள் முழங்கால்தான்."
காபி கொண்டுவந்த டெல்ஃபின்
அவர் முதுகுக்குப் பின்னால் நின்று
உதட்டை மட்டும் அசைத்தாள்:
அவருக்கு.

குளியலறையில் டவல் கம்பி
ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஈரத் துண்டைச் சுமக்கச் செய்தது,
ஆளைச் சுமக்க அல்ல.
"காற்றடித்து விழுந்தது" என்றார்.
ஜன்னலே இல்லாத அறை.

தொட்டிக்கு மேல் ரப்பர் உறிஞ்சி வைத்த கைப்பிடி ஒன்று,
பன்னிரண்டு டாலர் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியபடி.
இரண்டு விரலால் இழுத்தேன்.
முத்தச் சத்தத்தோடு கையோடு வந்தது.
யாரும் சிரிக்கவில்லை.

மூன்று கம்பிகளைக் கால்மிதியில் பரப்பினேன்.
பளபளப்பானதையே எடுத்தார். ஆஸ்பத்திரி மாதிரி இல்லையாம்.
"சோப்புக் கையால் பிடியுங்கள்."
வழுக்கிப்போய் மணிக்கட்டு வரை சரிந்தது பிடி.
ஒன்றும் பேசாமல்
சொரசொரத்ததை என்னிடம் நீட்டினார்.

எந்த உயரத்தில் என்று நான் கேட்பதில்லை.
கேட்டால் எல்லாரும் நேராக நிமிர்ந்து நின்றுதான் சொல்கிறார்கள்.
விளக்கை அணைத்து
டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடிப்பேன்.
வெள்ளை ஓட்டில் மினுங்கியது
விரித்த பெரிய உள்ளங்கை ஒன்று,
திரும்பத் திரும்ப அதே இடத்தில்.
அதற்கு ஒரு சாண் கீழே,
உள்ளே இறங்கும் பக்கமாக
சின்னது, இன்னொன்று,
மோதிரம் உரசிய கீறலோடு.

இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்
ஒருவர் சுவரை மற்றவர்.
டார்ச்சை அணைத்தேன். சரிவில் இறங்கி
வேனிலிருந்து இரண்டாவதையும் எடுத்துவந்தேன்.
(தர்மத்துக்கு இல்லை.
பில்லில் இரண்டென்றே எழுதினேன்.)

பிறகு என் வேலை:
ஓட்டின் மேல் காகித நாடா, நுனி சறுக்காமல்.
டிரில் மெல்ல, தண்ணீர் சொட்டு விட்டபடி.
முதலில் வெள்ளைப் பொடி வரும்.
அப்புறம் சாம்பல் நிறக் காரை.
அங்கேயே நிறுத்திவிட்டால் பார்க்க அழகாக இருக்கும்,
ஒருநாள் ஆளோடு சேர்ந்து கீழே வரும்.
இன்னும் போக வேண்டும்,
பழுப்புச் சுருள் சுருளாக
மரத்தூள் வரும் வரை.
வந்தது.
தொண்ணூறு வருடமாகச் சுவருக்குள் நின்ற பைன்
அறையெல்லாம் மணத்தது.

மானம் பார்த்தால் பிடி கிடைப்பதில்லை.
இதைச் சொல்லவில்லை. சொல்வது என் கூலியில் சேராது.
"பிடுங்கிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

ஓரின் கால் அகட்டி, வடம் இழுப்பதுபோல இழுத்தார்.
கழுத்து சிவந்தது. கம்பி அசையவில்லை.
டெல்ஃபின் தன்னுடையதை
ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு
முழங்கையையே ஊன்றிக்கொண்டு நின்றாள்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல.

"பழைய டவல் கம்பியின் ஓட்டைகளை அடைத்துவிடவா?"
"ஏன்? துண்டை எங்கே போடுவது?" என்றார்.

"மாட்டிவிடு" என்றாள் டெல்ஃபின்,
"காற்றடிக்காத பக்கமாகப் பார்த்து."